நோட்டீஸில் என் போட்டோவுக்குக் கீழே இருக்கும் அந்த வரி

(எங்கள் ஊர்க் காணும் பொங்கல் எல்கைப் பந்தய, அதாவது மாட்டுவண்டி, குதிரைவண்டிப் பந்தய, விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்)

தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் மாப்பிள்ளைக்கும், குழுவில் இருக்கும் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

நோட்டீஸ் வந்து சேர்ந்தது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து, மேலே பிள்ளையார், நடுவில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, அப்புறம் பெரிய குதிரை, நடு குதிரை, சின்ன குதிரை என்று பரிசுத் தொகைகள், ஓரத்தில் சாரதிகளுக்கான விதிகள். எல்லாம் லட்சணமாக இருக்கிறது. கீழே வலது மூலையில் என் போட்டோ. அது என் தம்பி மகன் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற சம்பந்தியை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அவர் தோள் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. பரவாயில்லை. எனக்கு உறுத்துவது போட்டோவுக்குக் கீழே இருக்கும் வரி: ‘கிண்டி ரேஸ் புகழ், 35 ஆண்டு அனுபவம் மிக்க குதிரைப் பந்தய நிபுணர், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே மைக்கில் அறிவிப்பார்.’

என்னிடம் கேட்கும்போது ‘ஒரு பொன்னாடை, ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான் மாமா’ என்றுதான் சொன்னீர்கள். சரி என்றேன். இந்த வரியைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அண்ணன் கேட்பார். சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டீஸ் ஆக்கூர் முக்கூட்டிலிருந்து பொறையார் வரை ஒட்டியாகிவிட்டது. நேற்று டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, ‘ஐயா, பெரிய குதிரையில எது? எனக்கு மட்டும் சொல்லுங்க’ என்று காதோரம் கேட்டார். சுவரில் ஒட்டியதற்குப் பதிலையும் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதுதான் நியாயம் என்று பட்டது.

முதலில் நான் எப்படி நிபுணர் ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாருக்கும் இது சரியாகத் தெரியாது.

1981இல் மாயவரத்தில் ரயிலேறியபோது நான் கிட்டத்தில் பார்த்திருந்த குதிரை, ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரை ஒன்றுதான். சென்னையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், பில் புத்தகம், இவற்றோடு வாராவாரம் ஒரு ரேஸ் புத்தகமும் அங்கே அச்சாகும். பாக்கெட்டில் அடங்கும் அளவு. மறுநாள் ஓடும் குதிரைகள், மேலே ஏறி ஓட்டும் ஜாக்கி, எடை, பழைய கணக்கு, பக்கத்துக்குப் பக்கம் ‘நமது தேர்வு’. அந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் விழுந்துவிட்டார். ராத்திரி பதினோரு மணி. மெஷின் காத்திருக்கிறது. முதலாளி என்னைப் பார்த்து, ‘நீதான் வாரா வாரம் படிக்கிறியே, நீ எழுது’ என்றார். எழுதினேன். விடிந்தபோது நான் நிபுணர். புத்தகத்தில் போட்ட புனைபெயர் அந்தப் பெரியவருடையது; அவர் போன பிறகு அது எனக்கே வந்துசேர்ந்தது.

அந்த வாரம் ஏழு ரேஸில் மூன்றில் என் குதிரை வந்தது. பெரியவரை விட ஒன்று கூட. இதுதான் இந்தத் தொழிலின் முதல் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் சொன்னாலும் நாலு பலிக்கும்.

வெட்கமாக இருந்ததால் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அந்தப் படிப்பைப் பற்றி எனக்கு இன்னும் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிண்டி ரேஸ் கோர்ஸில் போய் நிற்க வேண்டும். குதிரைகள் பயிற்சிக்கு வரும் நேரம். இருட்டில், பனியில், எண் எதுவும் கட்டாமல் வரும். நெற்றிச் சுட்டி, வெண்கால், வால் பிடிக்கும் விதம், கழுத்து அசைவு இதை வைத்தே எது எந்தக் குதிரை என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரு வருஷம் ஆயிற்று எனக்கு. அப்புறம் ஸ்டாப்வாட்ச். கடைசி 600 மீட்டரை ஒரு குதிரை 38 நொடியில் ஓடியது என்றால் அதோடு கணக்கு முடியாது. மேலே இருந்தவன் ஜாக்கியா, எடை கூடின பயிற்சிப் பையனா? உள்வேலியை ஒட்டி ஓடியதா, வெளியே அகன்று ஓடியதா? கூட ஒரு குதிரை துணைக்கு ஓடியதா? விரட்டி எடுத்த நேரமா, கடிவாளத்தை இழுத்துப் பிடித்தும் வந்த நேரமா? ரெண்டாவதுதான் விஷயம்.

குதிரையைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் சைஸ்களிடம் பேசப் பழகினேன். டிரெய்னரும் குதிரை முதலாளியும் சொல்வது எல்லாம் நம்பிக்கை. சைஸ் சொல்வது தகவல். ‘நேத்து ராத்திரி கொள்ளு பாதிய வச்சிருச்சுண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்வார். அது போதும், அந்தக் குதிரையின் பெயரை என் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன்.

ஹேண்டிகேப் போடுகிறவர் என்று ரேஸ் கிளப்பில் ஒருவர் இருப்பார். நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை, சுமார் குதிரைக்குக் குறைந்த எடை. ஒன்றுக்கு 60 கிலோ, இன்னொன்றுக்கு 50 கிலோ என்று ஏற்றி, எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதே அவர் கணக்கு. அவர் எங்கே பிசகினார் என்று கண்டுபிடிப்பது என் கணக்கு. அவர் லேசில் பிசக மாட்டார். 1,200 மீட்டரை ஒரு நிமிடம் பத்துப் பன்னிரண்டு நொடியில் ஓடி முடிக்கிற குதிரைகளுக்கு நடுவே, ஒரு குதிரை நீளம் என்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் ஜாக்கியின் மூச்சு, முந்தின ராத்திரி மழை, கேட் திறக்கும்போது குதிரை தலையைத் திருப்பியது எல்லாம் அடங்கிவிடும்.

ஆக மூன்று நாலு வருஷத்தில் உண்மையிலேயே எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. தெரிந்ததும் என்ன புரிந்தது என்றால், ஏழு ரேஸில் ஐந்துக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. நாலு குதிரை சமமாக நிற்கும். ‘இந்த ரேஸில் பணம் கட்டாதீர்கள்’ என்பதுதான் அங்கே நேர்மையான தேர்வு. அப்படியே ஒரு வாரம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ‘கட்டாதேன்னு சொல்ற புத்தகத்தை எவன் காசு குடுத்து வாங்குவான்?’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வியாபாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரேஸுக்கும் மூன்று குதிரை போட்டேன். ஒன்பது ஓடும் ரேஸில் மூன்றைச் சொன்னால் ஒன்று ஜெயிக்காமலா போகும்? மறுவாரம் அட்டையில் ‘சென்ற வாரம் 5 வெற்றி!’ என்று கொட்டை எழுத்து. அந்த மூன்றின் மேலும் காசு கட்டியவனுக்குக் கையில் என்ன மிஞ்சியது என்று அட்டையில் போட மாட்டோம். 35 வருஷத்தில் ஒருமுறைகூடப் போட்டதில்லை.

இந்த இடத்தில் செயலாளர் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கணக்கு. அவர் பேங்கில் இருந்தவர், பிடிக்கும். கூட்டம் அதிகம் நம்பும் குதிரைக்கு ஃபேவரிட் என்று பெயர். உலகம் முழுக்க ஃபேவரிட் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும். அதாவது கூட்டம் முட்டாள் இல்லை. ஆனால் மூன்று தடவை நூறு நூறாகக் கட்டி ஒரு தடவை ஜெயிக்கிறவனுக்கு, அந்த ஒரு தடவை முந்நூறு திரும்பினால்தான் போட்டது வரும். ஃபேவரிட் அவ்வளவு கொடுப்பது அரிது. ஏனென்றால் விழுகிற மொத்தப் பணத்தில் கிளப் தன் பங்கை முதலில் எடுக்கும். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கட்டுகிற பந்தயத் தொகை முழுவதன் மேலும் 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆகிவிட்டது. ஜெயித்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் தனி. தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. குதிரை கேட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்பே வரி ஓடி முடித்துவிடுகிறது.

இப்போது கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் மடலே எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

1991, கார்த்திகை மாதம். ஜாக்பாட் என்றால் ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சரியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் குதிரையின் பெயரைப் போட இடம் இருக்காது, எண்ணை மட்டும் போடுவோம். ஐந்து ரேஸ், ஐந்து எண். கடைசி ரேஸில் நான் எழுதிக் கொடுத்தது 1. அச்சுக் கோத்தவர் தூக்கக் கலக்கத்தில் 7 எழுத்தை எடுத்து வைத்துவிட்டார். புரூஃப் பார்த்ததும் நான்தான், நானும் கவனிக்கவில்லை. மறுநாள் 7ஆம் எண் குதிரை வந்தது. பயிற்சியில் அந்தக் குதிரையை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்கவில்லை, அதனால் ஜாக்பாட் பெரிதாகக் கொடுத்தது.

ரெண்டு வாரம் கழித்து மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் அச்சகத்தைத் தேடி வந்தார். கையில் ஒரு கவுளி கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, ஒரு சீப்பு பூவன் பழம். 22,000 ரூபாய் அடித்திருந்தார். 1991இல் அது பெரிய காசு. ‘கடைசி ரேஸ்ல யாருமே சொல்லாத குதிரையை நீங்க ஒருத்தர் சொன்னீங்க பாருங்க’ என்று கண் கலங்கிச் சொன்னார். முதலாளி பக்கத்தில் நின்றார். நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். பிழை என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது, வேறு காரணம் கிடையாது.

அதற்குப் பிறகு சீசன் முழுக்க வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறி வர ஆரம்பித்தார். ஆறு வருஷம். முதலில் நெல் விற்ற காசு. அப்புறம் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன். அப்புறம் நிலம். ஒரேயடியாக இல்லை, மூன்று மா, ரெண்டு மா, மறுபடி மூன்று மா. மொத்தம் எட்டு மா நஞ்சை, ஏக்கர் கணக்கில் ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல். நம் பழைய மிராசுகள் கிண்டிக்குப் போய் வேலிக் கணக்கில் விட்டுவந்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இவர் மிராசு இல்லை. எட்டு மாதான் அவருக்கு எல்லாமே. ஒருநாள் வருவது நின்றது. நானும் விசாரிக்கவில்லை.

2009இல் கடைமுகத்தன்று மாயவரம் துலாக்கட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். எனக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வருஷம் வயிற்றில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த 7 நான் எழுதியது இல்லை, அச்சுப் பிழை, உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘அப்ப கை ராசி அச்சுக் கோத்தவருக்குத்தான் சார். அவர் இப்ப எங்க இருக்காரு?’ என்று கேட்டார்.

அவர் செத்து நாலு வருஷம் ஆகிறது என்றேன். ‘அடடா’ என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தம்பிகளே, மைக்கில் நான் ஒரு குதிரையின் பெயரைச் சொன்னால் கேட்கிறவர் காதில் எப்படி விழும் என்று இப்போது புரியும். வந்துவிட்டால் நான் தெய்வம். வராவிட்டால் இன்னொரு தெய்வத்தைத் தேடுவார்கள். தேடுவதை மட்டும் நிறுத்த மாட்டார்கள்.

இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர் வாங்கியவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். லண்டனில் மோனொலுலு என்று ஒருவர் இருந்தார். கரீபியன் தீவில் பிறந்தவர், தன்னை அபிசீனிய இளவரசர் என்று சொல்லிக்கொண்டார். தலையில் தீக்கோழி இறகுக் கிரீடம். ‘என்கிட்ட ஒரு குதிரை இருக்கு!’ என்று ரேஸ் மைதானத்தில் கத்துவார், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்ற டிப்ஸை மூடிய உறையில் விற்பார். 1920இல் டெர்பி என்ற பெரிய ரேஸில் ஸ்பியான் காப் என்ற குதிரையில் கட்டி 8,000 பவுண்டு அடித்தார். அந்த ஒரு குதிரையின் பேரில் 1965இல் சாகிற வரை உறை விற்றார். ஒரு வெற்றியை நாற்பத்தைந்து வருஷம் வைத்துச் சாப்பிடத் தெரிந்தவர். அவர் எங்கள் குலகுரு என்று பிரஸ்ஸில் விளையாட்டாகச் சொல்வேன்.

ஃபில் புல் என்று ஒருவர், யார்க்ஷயரில் பிறந்தவர், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். ஸ்டாப்வாட்ச் நேரத்தை எடையோடும் தரையின் ஈரத்தோடும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 1948இல் டைம்ஃபார்ம் என்று ஒரு நிறுவனமே தொடங்கினார். அவர் நிஜமான ஆள்.

மூன்றாமவர் அமெரிக்காக்காரர், பில் பென்டர். சீட்டாட்டத்தில் அட்டையை எண்ணுகிறார் என்று லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் உள்ளே விடாததால், 1980களில் ஹாங்காங் போய்க் குதிரைக்குக் கம்ப்யூட்டர் கணக்கு எழுதினார். ஒரு குதிரைக்கு நூற்றுக்கு மேல் விவரங்கள். முதலில் அவருக்கும் நஷ்டம்தான். தன் கணக்கோடு, கூட்டம் எந்தக் குதிரைக்கு எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்த பிறகே கணக்கு சரியாக வந்தது. தனக்குத் தெரியாதது ஏதோ கூட்டத்துக்குத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டவர் அவர். இவர்களில் மலைமலையாகச் சம்பாதித்தவரும் அவர்தான். வாரச் சந்தா வாங்கிக்கொண்டு ‘நாளைக்கு இந்தக் குதிரை’ என்று அவர் யாரிடமும் விற்றதில்லை. விற்க என்ன அவசியம்? உண்மையிலேயே தெரிந்தவன் வெளியே சொன்னால் எல்லோரும் அதிலேயே கட்டி, ஜெயித்தாலும் அந்தக் குதிரை கொடுக்கும் பணம் அல்லவா குறைந்துவிடும்.

இது குழுவுக்கு மட்டும் இல்லை, உங்களில் ரெண்டு தம்பிகளுக்குத் தனியாக. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். என் போட்டோவைப் போட்டு, அதே தோளோடு, ஃபோனில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறீர்கள். பெங்களூர், ஐதராபாத் ரேஸுக்கு டிப்ஸ், வாரம் 499 ரூபாய். ‘மாமா ஒண்ணும் செய்ய வேண்டாம், பேரு மட்டும் போதும்’ என்றீர்கள். முதல் மூன்று டிப்ஸ் இலவசம் என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. எங்கள் காலத்தில் இதைத் தபால் கார்டில் செய்தார்கள்.

தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். எட்டுக் குதிரை ஓடும் ரேஸ். 512 பேர் நம்பர் கையில் இருக்கிறது. 64 பேருக்கு முதல் குதிரை, 64 பேருக்கு ரெண்டாவது என்று எட்டுக் குதிரையையும் பிரித்து அனுப்பு. எது ஜெயித்தாலும் 64 பேருக்கு நீ சொன்னது பலித்துவிட்டது. மற்றவர்களை விட்டுவிடு. அந்த 64 பேரை மறுபடி எட்டாகப் பிரி. எட்டுப் பேருக்கு ரெண்டு தடவை பலித்தது. அந்த எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு குதிரை. கடைசியில் மிஞ்சும் ஒருவர் வரிசையாக மூன்று ஜெயித்த குதிரையைப் பார்த்திருக்கிறார். நாலாவதற்கு அவர் வீட்டு நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் போவேன். மீதி 511 பேருக்கு நடந்தது அவருக்குத் தெரியாதே.

சட்டம் பற்றியும் கேட்டீர்கள். ‘உச்ச நீதிமன்றமே திறமைன்னு சொல்லிடுச்சே மாமா’ என்றீர்கள். சொன்னது உண்மை. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கும் நடந்தது, ரேஸும் நடந்தது. 1986இல் சென்னை கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இந்த ரெண்டையும் பார்த்துத்தான் 1996 ஜனவரியில், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு எங்கள் பிரஸ்ஸில் லட்டு கொடுத்தோம். ஆனால் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது ரேஸ் கோர்ஸில், அனுமதியோடு, கணக்கோடு நடக்கும் பந்தயம். நம் ஊர் ரோட்டோரத்தில் புளியமரத்தடியில் நோட்டை மாற்றிக்கொள்கிறார்களே, அது 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் போலீஸ் கேஸ். ஃபோன் விவகாரம் அதற்கும் மேலே. 2022இல் மாநிலச் சட்டம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை விளம்பரம் செய்தவனுக்கும் ஜெயில் உண்டு. டிப்ஸ் குரூப் இதில் வருமா வராதா என்பதை வக்கீல் சொல்லட்டும். அவருக்கு ஃபீஸ் 499 ரூபாய் இருக்காது.

கிண்டி பற்றி நிறையப் பேர் என்னிடம் துக்கம் கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தபோது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் பேப்பரில் படித்த கணக்கு வேறு நினைப்பைக் கிளப்பியது. 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு 600 சொச்சம் ரூபாய் வாடகை, பாக்கி என்று அரசு சொல்வது 700 கோடிக்கு மேல். நம் பக்கம் கோயில் நிலத்தில் ரெண்டு மா குத்தகைக்கு வைத்திருப்பவர் ஒரு போகம் அளக்கத் தவறினால் என்ன நடக்கும் என்று தலைவர் அண்ணனுக்குத் தெரியும். சரி, அது வேறு பேச்சு.

நான் விழாவுக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் வேண்டுகோள், அந்த வரியின் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்ல நீங்கள் விற்க நினைத்திருக்கும் 50 ரூபாய் முன்கணிப்புச் சீட்டும் வேண்டாம். அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடத்தான் என்கிறீர்கள், நல்ல காரியம். அதற்கு என் பொன்னாடைக்கு வைத்திருக்கும் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு தொகை தருகிறேன். ஃபோன் குரூப்பிலிருந்து என் போட்டோவை இன்றைக்கே எடுக்க வேண்டும். இதில் மட்டும் மாமன் மச்சான் முறை பார்க்க மாட்டேன்.

அப்புறம், என்னை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நடு குதிரையில் ரெண்டாவது பரிசுக்கு நடந்த சண்டையை ஒரு மணி நேரம் யாரும் தீர்க்க முடியவில்லை. எல்லைக் கோட்டில் மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், ஓரடி தள்ளி நின்றால் பின்னால் வருவது முன்னால் வந்ததாகத் தெரியும். அதை எனக்கு விடுங்கள். குதிரை வண்டியை விடுவதற்கு முன் ஒவ்வொரு குதிரையையும் நூறடி நடக்கவிட்டு நான் பார்க்கிறேன். தலை ஒரு பக்கம் ஏறி இறங்கினால் காலில் வலி. சுழி பார்த்து விலை பேசுகிற நம் ஆட்கள் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை. பந்தய மைதானத்து மண் வேறு, நம் தார் ரோடு வேறு. ரோட்டில் ஒவ்வொரு அடியும் முழங்காலுக்கு நேராக ஏறும். லாடம் தளர்ந்த குதிரையை நான் நிறுத்தினால், அது யார் வீட்டுக் குதிரையாக இருந்தாலும், குழு என் பக்கம் நிற்க வேண்டும். ஓடி முடிந்த குதிரையை அப்படியே கட்டிப்போடக் கூடாது, மூச்சு அடங்கும் வரை நடத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டி முடிவிடத்திலும் வேண்டும், புறப்படும் இடத்தில் மட்டும் வைத்தால் போதாது.

மைக்கில் பேசவும் சம்மதம். நேரத்தைச் சொல்கிறேன். போகவர எவ்வளவு தூரம், எந்தக் குதிரை எத்தனை நிமிடம், போன வருஷத்தை விடக் கூடவா குறைவா. ஓடி முடிந்ததற்கு அப்புறம்தான் சொல்வேன். அதில் என் வார்த்தை இதுவரை பொய்த்ததில்லை.

முந்தின நாள், மாட்டுப் பொங்கலன்று, விடியற்காலை ஐந்தரைக்கு ரோட்டைப் பார்க்க வருகிறேன். பாலத்துக்குக் கிழக்கே ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது, அங்கே ரெண்டு வண்டி மண் கொட்ட ஆள் வேண்டும். என்னிடம் ரெண்டு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. சாவி கொடுப்பது நன்றாக ஓடுகிறது. இன்னொன்றுக்குப் பேட்டரி போய்விட்டது, பட்டன் மாதிரி சின்னது. பட்டமங்கலத் தெருப் பக்கம் யாராவது போனால் ரெண்டு வாங்கி வாருங்கள், காசு நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்